ஓசையின்றி வரும் கள்வன்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

எண் சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அந்தச் சிரசில் எந்த உறுப்பு பிரதானம் என்று கேட்டால், நம்மில் யாரும் தயங்காமல் கண் என்றே சொல்லுவோம். அன்பு மிகும்போது 'கண்ணே' என்று அழைக்கிறோம். அருமையாகச் செய்த காரியத்தைக் 'கண்ணும் கருத்துமாக'ச் செய்தோம் என்கிறோம். இப்படிப் பேச்சில் கண்ணுக்கு உயர்ந்த இடம் தரும் நாம், அதற்கென்று ஆண்டில் ஒரு நாளாவது ஒதுக்குகிறோமா? பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். காய்ச்சல் வந்தால் விடுப்புக் கடிதம் எழுதுகிறோம். கண் வலிக்கவில்லை, சிவக்கவில்லை, நீர் வடியவில்லை என்றால் அது நலமாகவே இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம்.

அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை எங்கள் குடும்பம் பட்ட பிறகே தெரிந்துகொண்டது. வலி தராமல், அடையாளம் காட்டாமல் பார்வையைத் திருடிச் செல்லும் நோய்கள் உண்டு. எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்களிடமும் மருத்துவரிடமும் கேட்டும், நூலகத்தில் படித்தும் நான் அறிந்தவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

தாத்தாவிற்கு நேர்ந்தது

என் தாயாரின் தந்தை முப்பத்தாறு ஆண்டுகள் தபால்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோழி கிளறியது போல் எழுதிய விலாசத்தையும் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே படித்துவிடுவார் என்று ஊரில் அவருக்குப் பெயர். அறுபத்தெட்டு வயதிலும் செய்தித்தாளை வரி விளம்பரம் வரையில் படித்து முடிப்பார். ஆகையால் அவருடைய கண்ணைப் பற்றி எங்களில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஆனால் சில சிறு நிகழ்ச்சிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். வாசல் நிலையில் இடது தோள் இடிக்கும். ஒரு முறை சைக்கிளில் போகும்போது இடப்பக்கமிருந்து வந்த ஆட்டைக் காணாமல் மோதி விழுந்தார். "வயசாயிட்டுது, கவனம் பத்தலை" என்று அவரே சிரித்துக்கொண்டார். இடது கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று ஒரு நாள் அவர் சொன்னபோது அக்கம்பக்கத்தார், "புரையாகத்தான் இருக்கும். நன்றாக முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள். நாங்களும் அதையே நம்பினோம். திருவிழாக் கடையில் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அவருடைய வலது கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயி, மழைக்கு இருட்டிக்கிட்டு வருதா? ஒண்ணும் தெரியலையே" என்று என்னைக் கேட்டார். அப்போது பகல் பதினொரு மணி. முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் கையில் துண்டுடன் நின்றேன். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். சோதித்துப் பார்த்த டாக்டர் அம்மா, இடது கண்ணின் நரம்பு முழுவதும் பட்டுப்போய்விட்டது என்றும், வலது கண்ணிலும் பாதிக்கு மேல் கெட்டிருக்கிறது என்றும் சொன்னார். "புரையாக இருந்தால் லென்சு வைத்துப் பார்வையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். இது நீர் அழுத்த நோய். போன பார்வை வராது. இருப்பதைக் காப்பாற்றுவோம்" என்றார். "ரெண்டு வருசம் முந்தி வந்திருந்தா?" என்று தாத்தா கேட்டார். டாக்டர் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நிறையக் காப்பாற்றியிருக்கலாம் ஐயா" என்றார்.

கண்ணுக்குள் ஒரு வாய்க்கால்

கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் எப்படி உண்டாகிறது என்பதை இனிக் காண்போம்.

நம் கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணீர் வெளியே வழிவது. இது உள்ளேயே ஓடுவது. கருந்திரைக்குப் பின்னால் சுரந்து, பாவையின் வழியாக முன்னே வந்து, கருவிழியும் கருந்திரையும் சேரும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக வடிந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும் வரையில் கண்ணின் அழுத்தம் அளவாக இருக்கும். பெரும்பாலோர்க்கு அது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

வீட்டுத் தொட்டியில் குழாய் திறந்திருக்க, வடிகாலில் அழுக்கு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தொட்டி நிரம்பி வழியும். கண்ணோ மூடிய உருண்டை, வழிய இடமில்லை. ஆகவே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பைத் தாக்குகிறது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் சேர்ந்த கற்றையே பார்வை நரம்பு. அவ்விழைகள் ஒரே நாளில் சாவதில்லை; சிறிது சிறிதாகப் பல ஆண்டுகளில் சாகின்றன. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை.

சிலருக்கு வடிகாலின் கோணம் திடீரென அடைபட்டு, கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் ஆகியவை தோன்றும். இது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் மிகப் பரவலான வகையில் கோணம் திறந்தே இருக்கும். எந்த அறிகுறியும் இராது. இன்னும் சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு கெடுவதும் உண்டு. எனவே அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அம்மா விளக்கினார்.

நமக்கு ஏன் தெரிவதில்லை?

"ஒரு கண் அவிந்தது கூடவா ஒருவருக்குத் தெரியாமல் போகும்?" என்று தோழியர் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்குச் சிஸ்டர் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினார். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும், அதற்கு நேராக வலப்பக்கம் எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பெரிய கரும்புள்ளி ஒன்றும் இடுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஓர் அடித் தூரத்தில் கரும்புள்ளி மறைந்துவிடும்! இன்னும் நெருங்கினால் மீண்டும் தோன்றும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. ஆகவே நம் ஒவ்வொருவர் கண்ணிலும் இயற்கையாகவே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் மாரியோட் இதைக் கண்டறிந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புள்ளி மறைந்த இடத்தில் உங்களுக்கு ஓட்டையோ இருட்டோ தெரிந்ததா? இல்லை. வெறும் வெள்ளைத் தாளே தெரிந்தது. காணாத இடத்தைச் சுற்றிலும் உள்ளதைக் கொண்டு நம் மூளை நிரப்பிவிடுகிறது. நீர் அழுத்த நோயிலும் அவ்வாறே நிகழ்கிறது. முதலில் பக்கப் பார்வைதான் போகிறது. நடுப் பார்வை கடைசி வரையில் நிற்கிறது. ஒரு கண் காணாததை மற்றொரு கண் காண்கிறது. இரண்டும் காணாததை மூளை நிரப்புகிறது. ஆகையால்தான் எங்கள் தாத்தாவால் வரி விளம்பரம் படிக்க முடிந்தது, வாசல் நிலை தெரியவில்லை.

தாத்தா மட்டுமா இப்படி? மதுரையில் 1976-ஆம் ஆண்டில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலுமான 5,150 பேரைப் பரிசோதித்து 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு நீர் அழுத்த நோய் இருந்தது. அவர்களுள் திறந்த கோண வகை நோய் உடையவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரு கண்களுமோ ஏற்கெனவே அவிந்திருந்தன. கள்வன் வீட்டுக்குள்ளேயே இருக்க, வீட்டார் அயர்ந்து தூங்கிய கதைதான் இது.

வேறு சில கள்வர்கள்

நீர் அழுத்த நோய்க்கு உடன்பிறந்தது போன்றது நீரிழிவால் வரும் விழித்திரை நோய். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து, சிறு சிறு கொப்புளங்களாகப் புடைத்துக் கசியத் தொடங்குகின்றன. அப்போதும் பார்வை தெளிவாகவே இருக்கும். இரத்தம் கண்ணுக்குள் கொட்டும்போதோ, பார்வையின் நடுப்பகுதி வீங்கும்போதோதான் நோயாளி விழித்துக்கொள்வார். இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிடுகிறது. அப்படியானால் நம் பள்ளியில் எத்தனை பேருடைய வீட்டில் இந்நோய் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாத்திரை உண்பதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒரு முறை பாவையை விரித்து விழித்திரையைச் சோதித்துக்கொண்டால், லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலோருடைய பார்வையைக் காக்கலாம்.

சிறு குழந்தைகளுக்கு வருவது 'சோம்பேறிக் கண்'. ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறை மிகுதியாக இருந்தால், மூளை அந்தக் கண் அனுப்பும் மங்கிய படத்தை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணையே நம்பிப் பழகிவிடுகிறது. குழந்தை ஒரு குறையும் சொல்லாது; ஏனெனில் தெளிவாகப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாறு வயதிற்குள் கண்டுபிடித்தால், கண்ணாடி கொடுத்தும் நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடியும் அதைப் பழக்கிவிடலாம். வயது ஏற ஏற அது கடினமாகிவிடும்.

இங்கே தோழியரிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் கண் பரிசோதனைக்கு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? வரிசையில் நிற்கும்போதே அட்டையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்க்கிறோம். கண்ணாடி போட்டால் தோழிகள் கேலி செய்வார்கள் என்ற பயம். நானும் ஏழாம் வகுப்பில் அப்படிச் செய்தவள்தான். இதில் ஏமாந்தவர் பரிசோதிக்க வந்தவரா, நாமா?

அம்மாவின் பரிசோதனை

தாத்தாவைச் சோதித்த அன்றே டாக்டர் அம்மா, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். இந்நோய் குடும்ப வழியில் வருவது. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர்க்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகம் என்றார். என் அம்மாவுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. வீட்டில் தையல் வேலை செய்கிறார்கள். "ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண்ணாடியே வேண்டாம். என்னை எதற்கு?" என்று மறுத்தார்கள். தாத்தாதான் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பரிசோதனையில் வலி ஒன்றும் இல்லை. முதலில் எழுத்து அட்டையைப் படிக்கச் செய்தார்கள். பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்து இட்டு நீல விளக்கொளியில் கண் அழுத்தத்தை அளந்தார்கள். வடிகாலின் கோணத்தைச் சிறு கண்ணாடி ஆடி வைத்துப் பார்த்தார்கள். பாவையை விரிக்கும் மருந்து விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பார்வை நரம்பை உற்று நோக்கினார்கள். 1851-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை உலகிற்கு அறிவிக்கும் வரையில், உயிருள்ள மனிதரின் பார்வை நரம்பை மருத்துவரால் தெளிவாகப் பார்க்க இயலவில்லை என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

கடைசியில் பார்வைப் புலச் சோதனை. வெண்மையான கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுவிலுள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் எங்கு ஒளி மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே செய்தார்கள். அம்மா வெளியே வந்து, "ஒன்றைக்கூட விடவில்லை" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். அச்சடித்து வந்த தாளில் வலது கண்ணின் மேற்பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. அங்கே மின்னிய விளக்குகள் ஒன்றுமே அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுத்தம் ஒரு கண்ணில் 28, மற்றதில் 26.

அம்மா அழவில்லை. "இப்போதே தெரிந்ததே" என்று மட்டும் சொன்னார்கள்.

முன்கூட்டிக் கண்டால் பயன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கண் அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து கொடுத்து ஆராய்ந்தனர். முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில், மருந்து இடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு நோய் வந்தது. மருந்து இட்டவர்களில் 4.4 பேருக்கே வந்தது. அபாயம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணி மருந்து நேரம். தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் சொட்டு விடுகிறேன். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டே போதும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்த வேண்டும். அப்போதுதான் மருந்து தொண்டைக்குள் இறங்காமல் கண்ணிலேயே தங்கும். விட்ட நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். அம்மாவின் அழுத்தம் இப்போது 17. கறுப்புத் திட்டு வளரவில்லை. தாத்தா வலது கண்ணின் மிச்சப் பார்வையில் செய்தித்தாள் படிக்கிறார். சைக்கிளை மட்டும் விட்டுவிட்டார்.

யார், எப்போது பரிசோதிக்க வேண்டும்?

1. குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். மாறுகண் தெரிந்தால், 'அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

2. நாற்பது வயதானவர்கள் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும் முழுமையான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் ஆண்டுதோறும் செய்துகொள்வது நல்லது.

3. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

4. குடும்பத்தில் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், கிட்டப்பார்வை மிகுந்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் ஆகியோர் நாற்பது வரையில் காத்திராமல் மருத்துவரின் யோசனையைக் கேட்க வேண்டும்.

5. கண் சிவந்தால் மருந்துக் கடையில் நாமாகச் சொட்டு மருந்து வாங்கி விடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்தை நாள்பட விட்டால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கண்ணாடிக்கு அளவு பார்ப்பது வேறு, கண்ணைப் பரிசோதிப்பது வேறு. எழுத்து நன்றாகத் தெரிவதால் நரம்பு நலமென்று ஆகாது. பாவை விரித்த நாளில் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்துப் பொருள் மங்கும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1819-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை முதலாக அரசு மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். ஊர்தோறும் கண் முகாம்களும் நடைபெறுகின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய செயல் ஒன்றும் உண்டு. மாதம் ஒரு முறை ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி மறு கண்ணால் நாட்காட்டியைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். இது பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் எங்கள் தாத்தா இதைச் செய்திருந்தால் சீயக்காய் விழும் நாள் வரையில் காத்திருக்க நேர்ந்திராது.

முடிவுரை

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை நாம் எத்தனையோ முறை கட்டுரைகளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அது எங்கள் வீட்டு முற்றத்திலேயே நடக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தோழியரே, உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், "அம்மா, அப்பா, நீங்கள் கண் பரிசோதனை செய்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள். அவர்கள், "எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது" என்பார்கள். அதுதான் கள்வனுக்கு வேண்டியது என்று சொல்லுங்கள்.

என் பெரிய மாமா வாடகை வேன் ஓட்டுகிறார். தாத்தாவின் மூத்த மகன். வயது நாற்பத்தொன்பது. அம்மா மூன்று முறை சொல்லியும், "மைல் கல்லுல உள்ள எழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரியுது, பிறகென்ன?" என்று இன்னும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கிறார். அவருடைய வேனில் காலையும் மாலையும் பள்ளிக் குழந்தைகள் பயணம் செய்கிறார்கள். இந்த ஆண்டு மலர் கைக்கு வந்ததும் முதல் பிரதியை அவருக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன். மாமா, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் தயவுசெய்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் படியுங்கள். பிறகு புறப்படுங்கள். துணைக்கு நான் வருகிறேன்.